2.70 டாலர் வரி பிறந்த கதை

அமெரிக்காவில் குடிசைத் தொழில்போல விஸ்கி காய்ச்சுபவர் மத்திய அரசுக்குக் கட்டும் கலால் வரி, ‘ப்ரூஃப் காலன்’ ஒன்றுக்கு 2.70 டாலர். ஆல்கஹால் 50 சதவீதம் இருக்கும் ஒரு காலன் சரக்குதான் ப்ரூஃப் காலன். இந்த 2.70 வந்தது அண்மையில்தான். அதற்கான சண்டை 1791-லேயே தொடங்கிவிட்டது.

விடுதலைப் போர்க் கடனை அடைக்க அந்த ஆண்டு நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் உள்நாட்டு மதுவுக்கு வரி கொண்டுவந்தார். கிராமங்களில் சரக்கை விட்டுவிட்டு அண்டாவை அளந்தார்கள்: அது எத்தனை காலன் கொள்ளுமோ, காலனுக்கு ஆண்டுக்கு 60 சென்ட். வருஷம் முழுக்க அடுப்பெரித்தால் அது கொசுறு. அறுவடை முடிந்து நாலைந்து வாரம் மட்டும் ஊறல் போடும் விவசாயிக்கோ கழுத்தில் கத்தி. மேற்குப் பென்சில்வேனியாவில் ரை தானியத்தை மூட்டையாக மலை தாண்டிச் சுமந்தால் கட்டாது, காய்ச்சினால்தான் காசு. கையில் நாணயம் இல்லாத ஊரில் விஸ்கியே பணமாகப் புழங்கியது. 1794-ல் கொதித்தெழுந்தவர்கள் வரி அதிகாரி ஜான் நெவில் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். கலகத்தை அடக்க அதிபர் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் படையைத் திரட்டினார். 1802-ல் வரி போனது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-ல் வந்த வரி நிலைத்துவிட்டது.

1991 முதல் ப்ரூஃப் காலனுக்கு எல்லோருக்கும் ஒரே விகிதமாக 13.50 டாலர் இருந்தது. 40 சதவீதச் சரக்கு 750 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 2.14 டாலர் வரி. சிறு பீர் ஆலைகளுக்கு 1976-லேயே சலுகை கிடைத்திருந்தது. சிறு விஸ்கிக்காரர்களுக்காகப் பேச அப்போது ஆளே இல்லை. 1982-ல் கலிஃபோர்னியாவில் யோர்க் ரூப் என்பவர் சிறு அளவில் பழங்களிலிருந்து பிராந்தி வடிக்கத் தொடங்கினார். 2000-க்குப் பிறகுதான் இப்படிச் சிறு அளவில் காய்ச்சுபவர் கூட்டம் பெருகியது. 2017 டிசம்பர் வரிச் சட்டம் முதல் 1,00,000 ப்ரூஃப் காலனுக்கு ஐந்தில் ஒரு பங்காக, 2.70 ஆக, வரியைக் குறைத்தது. பாட்டிலுக்கு 43 சென்ட். முதலில் இரண்டு ஆண்டு, பிறகு ஓராண்டு நீட்டிப்பு, 2020 டிசம்பரில் நிரந்தரம்.

இதில் ‘சிறு’ உற்பத்தியாளர் யார்? கைவினை மது சங்கத்தின் கணக்கில் ஆண்டுக்கு 7,50,000 ப்ரூஃப் காலனுக்குக் கீழே என்றால் சிறுசு. சட்டமோ அந்த வம்புக்கே போகவில்லை. முதல் லட்சம் காலன் சலுகை பெரிய கம்பெனிக்கும் உண்டு. அதற்கு மேலும் ஒரு வரம்பு வரை 13.50-க்குப் பதில் 13.34 கட்டினால் போதும். சிறியவர் பெயரால் கேட்டு வாங்கிய சலுகையில் பெரியவரும் கைநனைத்தார் என்பதே உண்மை.