ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்: ஏரி, வேளாண்மை, சூழலுக்கான மாநில அரசு நிதி

சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையின் மேல் அமைந்த ஊர். இதைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால், ஒரகடம் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்து கிடக்கின்றன. காரும் கைபேசியும் கண்ணாடியும் இங்கிருந்து உலகெங்கும் போகின்றன. தொழிற்சாலைகள் நிற்கும் இதே மண், ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன நிலம். இங்கே வேளாண்மை, நீர்வளம், சுற்றுச்சூழல் மூன்றும் ஏரி என்ற ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மாநில அரசின் வரவு செலவுக் கணக்கிலோ அவை வெவ்வேறு துறைகளின் கீழ் பிரிந்து கிடக்கின்றன. இவ்வட்டாரத்தில் அரசுப் பணம் போய்ச் சேரும் விதத்தையும் சேராமல் நிற்கும் இடங்களையும் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினையே திறவுகோல்.

ஏரிச் சங்கிலி

ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கு இல்லை. வடகிழக்குப் பருவமழையை ஏரியில் பிடித்துவைத்துத்தான் சம்பாவும் நவரையும் சொர்ணவாரியும் விளைந்தன. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். பாலாற்றிலிருந்து பிரியும் கம்பன் கால்வாய் வழியோர ஏரிகளை நிரப்பிக்கொண்டே வந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்கிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. 3.645 டி.எம்.சி. கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் இன்று சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. தெற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாற்றில் கலக்கிறது. ஆகவே சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு வரத்துக் கால்வாய் தூர்ந்தால் அதன் விளைவைச் சென்னைவாசியும் அனுபவிக்கிறார். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதத் தவறால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது.

ஏரிக்குத் தனி நிதியும் தனி நிர்வாகமும் வேண்டும் என்பது இம்மாவட்டத்துக்குப் புதிய சிந்தனை இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் ஊரார் கூடிக் கரையையும் மதகையும் பழுதுபார்த்த குடிமராமத்து வழக்கத்தை, 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாண அரசு சட்டக் கடமையாக்கியது. இன்று 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அன்று பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த, அதாவது இன்று நீர்வளத் துறையிடம் உள்ள, ஏரிகளுக்கே பொருந்தும். சிற்றேரிகளுக்குச் சட்டக் காவலும் குறைவு, பணமும் குறைவு. ஆனால் சங்கிலியில் எண்ணிக்கை மிகுந்தவை அவைதாம்.

மணிமங்கலத்தில் தொடங்கியது

தமிழ்நாட்டில் ஏரிகளுக்குப் பெருந்தொகை வந்த வழிகளில் ஒன்று உலக வங்கிக் கடன். 2007-ல் தொடங்கிய நீர்வள, நிலவளத் திட்டமும், 2017-ல் ஒப்புதல் பெற்ற, ரூ.2,962 கோடி மதிப்பிலான பாசன வேளாண்மை நவீனமயமாக்கல் திட்டமும் இவ்வகையின. இன்னொரு வழி மாநிலத்தின் சொந்த நிதி. 2016-ன் கடும் வறட்சியைத் தொடர்ந்து அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்தில் மாநிலம் முழுவதும் 1,519 பணிகளுக்கு ரூ.100 கோடி ஒதுக்கப்பட்டது. 2019-20-ல் அது 1,829 பணிகள், ரூ.499.69 கோடி என்று வளர்ந்தது. பணிச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். வேலையைப் பாசனதாரர் சங்கமே எடுத்துச் செய்யவேண்டும். 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்தல் சட்டம் இதற்கு அடிப்படையாக இருந்தது.

எண்ணத்தில் இத்திட்டம் சரியானது. பயனடைபவர் கையிலேயே பணத்தைக் கொடுத்து, அவரையும் பங்கு போடவைத்தது. ஆனால் சங்கத்தின் பெயரை முன்னால் நிறுத்தி ஒப்பந்ததாரர்களே வேலை எடுத்தார்கள் என்ற புகார் பல மாவட்டங்களில் எழுந்தது. இந்த வட்டாரத்துக்கு அதைவிட முக்கியமான குறை வேறு. ஏரிக்கு ஆண்டுதோறும் சிறு தொகையாவது வேண்டும். மதகுப் பலகை மாற்றவும், கரையிலுள்ள வேலிக்கருவையை வெட்டவும், மழைக்கு முன் வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்யவும் பெரிய திட்டம் தேவையில்லை, தவறாத பணம் தேவை. பணமோ சில ஆண்டுகள் வெள்ளமாக வந்து பிறகு வற்றிவிட்டது. காவிரி டெல்டாவில் நிலைமை வேறு. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன் அங்கே தூர்வாருவதற்கென்று 2022-ல் ரூ.80 கோடி, 2023-ல் ரூ.90 கோடி என ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டது. ஏரிப்பாசன மாவட்டங்களுக்கு இப்படியொரு நாட்காட்டி இல்லை.

2024-ல் ஏரி, குளங்களின் வண்டல் மண்ணை விவசாயிகளும் மட்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வழிசெய்தது. கருவூலத்துக்குச் சுமையில்லாத நல்ல ஏற்பாடு இது. ஆனால் வண்டலைக் கொட்ட வயல் இருக்கவேண்டும்.

வேளாண் நிதிநிலை அறிக்கை

2021 ஆகஸ்ட் 14 அன்று அப்போதைய வேளாண்மை அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்தார். கர்நாடகம் 2011-லும் ஆந்திரம் 2013-லும் இம்முறையை முன்பே கைக்கொண்டிருந்தன. முதல் அறிக்கையில் ரூ.34,220.65 கோடியாக இருந்த தொகை, 2025-26-ல் ரூ.45,661.44 கோடியானது. இந்த முழுத்தொகையும் வேளாண்மைத் துறைக்குப் போவதாக எண்ணிவிடக்கூடாது. கால்நடை, மீன்வளம், கூட்டுறவு, நீர்வளம், எரிசக்தி முதலிய துறைகளில் உழவரைச் சாரும் செலவுகளைக் கூட்டிக் காட்டும் கணக்கு இது.

அதனுள் ஒரு பெரிய இனம் மின்சாரம் சார்ந்தது. 1990 முதல் உழவர் அனைவரின் பம்புசெட்டுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. 2025-26-ல் மின்வாரியத்துக்கு அதற்காக அரசு ஒதுக்கிய தொகை ரூ.8,186 கோடி, அதாவது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். இந்த உதவி சிறு உழவரைக் காப்பாற்றியது. அதை நிறுத்தச் சொல்வது நியாயமாகாது. ஆனால் கிணற்றில் நீரிருந்தால்தான் மின்சாரத்துக்குப் பயன். கிணற்றுக்கு ஊறுவது ஏரி நீர். நீரை இறைப்பதற்கு ஆண்டுதோறும் தவறாமல் பணம் கொடுத்துவிட்டு, ஊறவைப்பதற்கு மட்டும் திட்டம் வரும் ஆண்டில் பணம் கொடுப்பதே இந்தக் கணக்கின் பெரிய கோணல்.

நெல் விலையிலும் மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. 2025-26 பருவத்தில் ஒன்றிய அரசின் ஆதரவு விலைக்கு மேல் குவிண்டாலுக்குச் சாதாரண ரகத்துக்கு ரூ.131, சன்ன ரகத்துக்கு ரூ.156 ஊக்கத்தொகை தந்து, கொள்முதல் நிலையங்களில் விலை முறையே ரூ.2,500, ரூ.2,545 ஆக்கப்பட்டது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு உழவருக்கு முழு மானியமும் மற்றவருக்கு 75 விழுக்காடும் உண்டு. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் 2022 மே மாதம் தொடங்கி, மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஐந்தாண்டுகளில் தொடுமாறு வகுக்கப்பட்டது. குறுவை நெல்லுக்கான மானியத் தொகுப்பு நெடுங்காலம் டெல்டாவுக்கு உரியதாகவே இருந்தது. 2025-26 அறிக்கையில்தான் டெல்டா அல்லாத மாவட்டங்களின் கார், சொர்ணவாரிப் பட்டங்களுக்கும் தனித் தொகுப்பு அறிவிக்கப்பட்டது.

நிலம் மாறும்போது

வேளாண் நிதி எவ்வளவு கூடினாலும் அது சாகுபடி நடக்கும் நிலத்தைத் தேடித்தான் வரும். இங்கே நிலமே கைமாறிக்கொண்டிருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் சிப்காட்டின் விரிவுக்கு வழிவிட்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மறுஉயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023-ல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 எக்டேருக்குக் குறையாத திட்டங்களின் எல்லைக்குள் வரும் நீர்நிலைகளையும் ஓடைகளையும் திட்டத்தோடு சேர்த்து ஒருங்கிணைக்க இடமளிக்கிறது. இதற்கு எதிர்முகமாக நிற்பது 2020-ஆம் ஆண்டின் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். காஞ்சிபுரத்து ஏரிப்பாசனத்துக்கு அத்தகைய வேலி எதுவும் இல்லை.

பரந்தூர் விமான நிலையத் திட்டம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. 2022-ல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்துக்கு 13 கிராமங்களில் 5,700 ஏக்கருக்கு மேல் வேண்டும். கம்பன் கால்வாயும் பல ஏரிகளும் அந்தப் பரப்பில் வருகின்றன. அக்கிராமங்களுள் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் தொடர்ந்து போராடிவருவதும் கிராம சபைத் தீர்மானங்கள் நிறைவேற்றியதும் தெரிந்த செய்தி. வயலுக்கும் வீட்டுக்கும் இழப்பீடு கணக்கிட முடியும். ஒரு கால்வாய் கீழேயுள்ள ஏரிகளுக்குச் செய்த வேலைக்கு இழப்பீட்டுக் கணக்கில் தலைப்பே கிடையாது.

தொழிற்சாலைகளின் நீர்த் தேவைக்கு நல்ல விடையொன்று கிடைத்தது. சென்னை கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தெளியவைக்கும், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் 2019-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்த நீர் குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பூங்காக்களுக்கு வருகிறது. இந்த வட்டாரத்தின் இயற்கை வளத்துக்காகச் செலவான பணத்தில் இதைவிடப் பொருள்பட்டது வேறில்லை என்று துணிந்து சொல்லலாம். ஆலை குடிக்கும் நீர் அந்த அளவுக்கு ஏரியில் மிஞ்சுகிறது.

சூழலுக்கான பணம்

2021-ல் சுற்றுச்சூழல் துறையின் பெயரில் காலநிலை மாற்றமும் சேர்ந்தது. காலநிலை மாற்ற இயக்கம், பசுமை இயக்கம், ஐந்தாண்டுகளில் 100 ஈரநிலங்களைக் கண்டறிந்து மீட்கும் ஈரநில இயக்கம் ஆகியவை அறிவிக்கப்பட்டு, அவற்றை நடத்தத் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் அமைந்தது. பக்கத்து மாவட்டத்தின் பறவை ஏரிகளான கரிக்கிலியும் வேடந்தாங்கலும் 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்றன. பறவை வரும் ஏரிக்குக் கிடைத்த இந்தக் கவனம் நெல்லுக்கு நீர்பாய்ச்சும் ஏரிக்கு இன்னும் வரவில்லை.

ஆலைக் கழிவைக் கண்காணிக்கும் பொறுப்பு 1982-ல் அமைந்த தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துடையது. வாரியத்துக்கு வருமானம் பெரும்பாலும் தொழிற்சாலைகள் செலுத்தும் இசைவுக் கட்டணத்தால் வருகிறது, வரிப்பணத்தால் அன்று. இவ்வட்டாரம் வாரியத்துக்குக் கட்டணம் ஈட்டித்தரும் இடம். அதில் ஒரு பங்கு இங்குள்ள ஏரிகளின் நீரைத் தொடர்ந்து சோதிக்கவும், முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டவும் செலவாகவேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

பிற இடங்களின் அனுபவமும் இங்கு உதவும். தெலங்கானா 2015-ல் தொடங்கிய மிஷன் காகதியா, 46,000-க்கு மேற்பட்ட ஏரிகளைச் சிறியது பெரியது என்று பிரிக்காமல் ஒரே பட்டியலில் எடுத்துக்கொண்டது. இலங்கையின் உலர்வலயக் குளத்தொடர்களை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. அங்கே தனிக் குளத்தை விட்டுத் தொடர் முழுவதும் ஒரே அலகாகப் பார்க்கப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரித் தொடருக்கும் துறைகளைத் தாண்டிய ஒரே கணக்குத் தலைப்பு வேண்டும், அதில் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் வரவேண்டும்.

ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் கொள்கை விளக்கக் குறிப்பும் ஆண்டுதோறும் தமிழில் வெளியாகின்றன. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கிராம சபை நாள்களுள் ஒன்று. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஊராட்சிகளில் வாக்குரிமை உள்ளவர்கள் அன்று சபைக்குப் போய், தங்கள் ஏரிக்கு இந்த ஆண்டு எந்தத் துறையிலிருந்து எவ்வளவு வந்தது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்கவேண்டும்.