ஒரே நாளில் குலுக்கலில் போன தீவு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் கனடா பாடம் என்றால் கோதுமை, மரக்கூழ், நயாகரா என்று மூன்றோடு முடிந்துவிடும். அந்த நாட்டின் கிழக்குக் கரையில் பிறை வடிவில் ஒரு துணுக்கு நிலம் இருக்கும். அதற்குள் பெயர் எழுத இடம் போதாது என்று கடலில் பெயரை எழுதிக் கோடு இழுத்திருப்பார்கள். அதுதான் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. கனடாவின் பத்து மாகாணங்களில் மிகச் சிறியது. ஓய்வுக்குப் பிறகு நிதானமாக அதன் வரலாற்றைப் படித்தேன். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாகாணமே நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பரப்பு 5,660 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,54,331 மட்டுமே. கன்னியாகுமரியில் 2011-லேயே 18 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தீவின் மிக உயரமான மேடு 142 மீட்டர். மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தெற்கே நார்த்தம்பர்லாந்து நீரிணை, வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடா. மண் செக்கச்செவேல் என்று இருக்கும். அடியில் இருப்பது இரும்பு கலந்த செம்மணற்கல்; அந்த இரும்பு துருப்பிடித்த நிறம்தான் அது. உருளைக்கிழங்குக்கு அருமையான மண். அதே மென்மையால் கடற்கரை ஆண்டுதோறும் அலையில் கரைகிறது.

அங்கே முதலில் இருந்தவர்கள் மிக்மா மக்கள். அவர்கள் வைத்த பெயர் எபெக்விட்க். நீரில் கிடப்பது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் 1720-இல் குடியேறினார்கள். அந்தக் குடிகளின் வழிவந்தவர்களை அக்காடியர் என்பார்கள். 1758-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்ததும் அவர்களில் மூவாயிரம் பேர் வரை கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் 'டியூக் வில்லியம்' என்ற கப்பல் ஒன்று மட்டும் முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. காடுகளில் ஒளிந்து தப்பியவர்களின் வாரிசுகள் இன்றும் தீவின் மேற்குப் பகுதியில் பிரெஞ்சு பேசுகிறார்கள்.

இனிதான் கதை.

காலியான தீவை என்ன செய்வது? சாமுவேல் ஹாலண்ட் என்ற சர்வேயரை அனுப்பினார்கள். 1764, 1765 ஆண்டுகளில் அவர் தீவை அளந்து, ஏறத்தாழ 20,000 ஏக்கர் வீதம் 67 துண்டுகளாகப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: லாட் 1, லாட் 2 என்று. 1767 ஜூலை 23 அன்று லண்டனில் சீட்டுக் குலுக்கினார்கள். ராணுவ அதிகாரிகள், கப்பற்படைக்காரர்கள், வியாபாரிகள், அரசாங்கத்துக்கு வேண்டியவர்கள் எல்லோருக்கும் பங்கு. இரண்டு மூன்று லாட்டுகள் நீங்கலாக மொத்தத் தீவும் ஒரே நாளில் கைமாறியது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

இலவசமாகக் கொடுத்தாலும் நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள். பத்தாண்டுக்குள் 200 ஏக்கருக்கு ஒருவர் வீதம், அதாவது ஒரு லாட்டுக்கு 100 பேரைக் குடியேற்ற வேண்டும். அவர்களும் பிரிட்டனிலிருந்து வரக்கூடாது. வேறு நாட்டுப் புராட்டஸ்டண்டுகளாக இருக்க வேண்டும். தன் ஊர் ஆட்கள் குறைந்துவிடக்கூடாது என்று அரசாங்கத்துக்குக் கவலை! அரசுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு நிலவரியும் கட்ட வேண்டும். தவறினால் நிலம் அரசுக்கே திரும்பிவிடும்.

1769-இல் தீவுக்குத் தனி அரசாங்கம் அமைந்தது. அதிகாரிகளின் சம்பளம் இந்த நிலவரியிலிருந்து வர வேண்டும் என்று ஏற்பாடு. நிலக்கிழார்கள் வரி கட்டவில்லை. அதனால் சம்பளமும் வரவில்லை. 1797-இல் தீவின் சட்டமன்றம் கணக்குப் பார்த்தபோது 23 லாட்டுகளில் ஒரு குடிகூட இல்லை. நிபந்தனைப்படி நிலத்தைப் பிடுங்கியிருக்கலாம் அல்லவா? பிடுங்கவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். லாட் வைத்திருந்தவர்களுக்கு லண்டனில் செல்வாக்கு இருந்தது, குடியானவனுக்கு இல்லை.

குடியானவர்கள் வந்தது பெரும்பாலும் ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும். சொந்த ஊரில் ஜமீன்தார்களிடம் பட்டது போதும் என்று கப்பலேறியவர்கள் பலர். இங்கே வந்து இறங்கினால் இங்கேயும் ஜமீன்தார்! வழக்கமான குத்தகைப் பத்திரத்தில் காலம் 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங். நூறு ஏக்கர் எடுத்தவன் வருடத்துக்கு ஐந்து பவுன் கட்ட வேண்டும். ஒரு ஷில்லிங் அற்பம் என்று தோன்றும். ஆனால் எடுத்தது வயல் அல்ல, காடு. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, கல் பொறுக்கி அதை வயலாக்கியவன் அவன். குத்தகை பாக்கி விழுந்தால் வெட்டித் திருத்திய நிலம், கட்டிய வீடு எல்லாம் கடலுக்கு அப்பால் இருக்கும் பிரபுவுக்கு. பணப்புழக்கமே இல்லாத ஊரில் ரொக்கமாகக் கட்டச் சொன்னதுதான் கொடுமையிலும் கொடுமை.

இந்த இடத்தில் வில்லியம் கூப்பர் என்பவரைச் சொல்லாமல் நகர முடியாது. இவர் ஒரு பிரபுவுக்கு ஏஜென்டாக இருந்து குத்தகை வசூலித்தவர். 1829-இல் வேலை போயிற்று. 1831-இல் சட்டமன்ற உறுப்பினராகி, நிபந்தனையை மீறிய நிலக்கிழார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து உழுபவனுக்குக் கொடு என்று கிளம்பினார். வேலை போன கோபம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். இருக்கட்டுமே; அவர் கேட்டது நியாயம்தானே? 1838 தேர்தலில் அவருடைய அணி 24 இடங்களில் 18-ஐப் பிடித்தது. மறு ஆண்டு மனுவோடு லண்டன் போனார். குடியேற்ற நாட்டு அமைச்சர் அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். முக்கால்வாசி இடங்களை வென்ற கட்சியின் தலைவர் வாசலோடு திரும்பினார்.

பிறகு விலை கொடுத்து வாங்கும் வழி வந்தது. 1853-இல் சட்டம் போட்டு, விற்க மனமுள்ளவர்களிடம் மட்டும் அரசு நிலம் வாங்கிக் குடியானவர்களுக்கு விற்றது. மனமுள்ளவர்கள் குறைவு. 1864-இல் குத்தகைதாரர் சங்கம் தொடங்கி, இனிக் குத்தகை கட்டுவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். ஷெரீப்பின் ஆட்கள் (நம் ஊர் அமீனா மாதிரி) ஜப்திக்கு வரும்போது முதலில் பார்ப்பவர் தகர ஊதுகுழலை ஊதுவார். அடுத்த பண்ணைக்காரர் அதைக் கேட்டு ஊதுவார். ஊரே திரண்டுவிடும். ஜப்தி செய்ய ஒன்றும் அகப்படாது. கடைசியில் 1865 ஆகஸ்டில் ஹாலிஃபாக்சிலிருந்து பட்டாளம் வந்தது. சங்கம் அடங்கியது. ஆனால் பட்டாளத்தைக் காட்டித்தான் குத்தகை தண்ட முடியும் என்றால் அந்தத் தொழிலில் லாபமில்லை என்று நிலக்கிழார்களுக்கும் புரிந்தது. கப்பல் கம்பெனிக்குப் பெயர்போன கியூனார்டு குடும்பத்துக்குத் தீவில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்தது. 1866-இல் அதை அரசுக்கு விற்றுவிட்டார்கள்.

கனடா என்ற நாட்டுக்கு விதை போட்ட மாநாடு நடந்ததும் இதே தீவின் தலைநகர் சார்லட்டவுனில்தான், 1864 செப்டம்பரில். அப்போது ஊருக்கு இருபது வருடம் கழித்து ஒரு சர்க்கஸ் வந்திருந்தது. விடுதிகள் நிரம்பி வழிந்தன. பிரதிநிதிகள் பலர் வந்த கப்பலிலேயே தூங்கினார்கள். இப்படி ஊரில் மாநாடு நடத்திவிட்டு, 1867-இல் கனடா உருவானபோது தீவு சேரவில்லை! எங்கள் நிலத்தை மீட்கப் பணம் தருவீர்களா என்று கேட்டார்கள். திருப்தியான பதில் இல்லை.

அப்புறம் ஏன் சேர்ந்தார்கள்? ரயிலால். 1871-இல் தீவு முழுக்க ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். ஒப்பந்தக்காரருக்கு மைல் கணக்கில் கூலி. பாதை நேராகப் போகுமா? மேட்டைச் சுற்றி, பள்ளத்தைச் சுற்றி, செல்வாக்குள்ளவர் ஊரைத் தொட்டு வளைந்து வளைந்து போயிற்று. கடன் கழுத்தை நெரித்தது. 1873 ஜூலை 1 அன்று தீவு கனடாவில் சேர்ந்தது. ரயில் கடனைக் கனடா ஏற்றது. நிலத்தை வாங்க 8 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஆண்டு முழுவதும் நீராவிக் கப்பல் விடுவதாக வாக்களித்தது. அப்போதைய கவர்னர் ஜெனரல் டஃபரின் பிரபு தீவுக்குப் போய்வந்து, இவர்கள் ஏதோ கனடாவையே தங்களோடு சேர்த்துக்கொண்டதாக நினைக்கிறார்கள் என்று வேடிக்கையாக எழுதினார். பின்னாளில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த அதே டஃபரின்தான்.

1875-இல் கட்டாய நிலக் கொள்முதல் சட்டம். விற்கமாட்டேன் என்று சார்லட் சலிவன் என்ற நிலக்கிழார் அம்மையார் வழக்குப் போட்டார். புதிதாக அமைந்த கனடா உச்ச நீதிமன்றம் விசாரித்த முதல் வழக்குகளில் இது ஒன்று. தீவு அரசு வென்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாள் குலுக்கலை அவிழ்க்க நூற்றெட்டு வருடம்.

நிலம் கிடைத்ததும் செழித்தார்களா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. மரக்கப்பல் கட்டும் தொழில் நொடித்தது. இளைஞர்கள் பாஸ்டன் பக்கம் வேலைக்குப் போனார்கள். 1891-இல் 1,09,078 ஆக இருந்த மக்கள்தொகை 1931-இல் 88,038 ஆகச் சுருங்கியது. நடுவில் வெள்ளிநரி வளர்ப்பு என்று ஒரு யோகம் அடித்தது. ரோமத்தோல் விற்றே சிலர் மாளிகை கட்டினார்கள். பிறகு அந்த மோகமும் போயிற்று. நிலைத்தது உருளைக்கிழங்கு, சிங்கி இறால், பால், சுற்றுலா. சுற்றுலாவுக்குப் பெரிய காரணம் 1908-இல் லூசி மாட் மான்ட்கோமரி எழுதிய அனாதைச் சிறுமி ஆன் கதை. ஜப்பானிலிருந்துகூட அந்த வீட்டைப் பார்க்க வருகிறார்கள்.

கனடாவின் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கே விளைகிறது. ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரில் பார்த்தார்கள். இரண்டு வயல்களில் கிழங்குக் கரணை நோய் கண்டதும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி நின்றது. நல்ல கிழங்கைப் பனி அள்ளும் இயந்திரத்தில் போட்டு நொறுக்கி வயலிலேயே உறைய விட்டார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளையான எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே மனசு வரவில்லை.

1997-இல் 12.9 கிலோமீட்டர் நீளப் பாலம் வந்தது. முன்பு குளிர்காலத்தில் நீரிணை உறைந்துவிடும். பனிக்கட்டிமேல் படகை இழுத்துக்கொண்டுதான் கடப்பார்கள். படகை இழுக்கக் கைகொடுத்த பயணிக்குக் கட்டணம் குறைவு! பாலம் வேண்டுமா என்று 1988-இல் மக்களிடமே வாக்கெடுத்தபோது பத்துக்கு நான்கு பேர் வேண்டாம் என்றார்கள்.

வெளியாரிடம் நிலம் போய்விடும் என்ற பயம் அவர்கள் ரத்தத்தில் ஊறியது. 1982 சட்டப்படி ஒரு தனியாள் 1,000 ஏக்கருக்கு மேலும், ஒரு கம்பெனி 3,000 ஏக்கருக்கு மேலும் வைத்திருக்க முடியாது. தீவில் வசிக்காதவர் 5 ஏக்கருக்கு மேல் வாங்க அரசின் அனுமதி வேண்டும். நம் நில உச்சவரம்புச் சட்டம் பினாமிகளிடம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அங்கேயும் இப்போது அதே பேச்சுதான்: ஒரே குடும்பம் பல கம்பெனிப் பெயர்களில் நிலம் சேர்த்தால் அது ஒன்றா, பலவா?

ஹாலண்ட் போட்ட எண்கள் இன்னும் அழியவில்லை. கணக்கெடுப்பு அட்டவணையில் இன்றும் லாட் 11, லாட் 16 என்றுதான் கிராமப்புறப் பகுதிகள் வருகின்றன. படிக்கவும் வேலைக்கும் அங்கே போயிருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், எந்த எண்ணில் குடியிருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். 1767-இல் அந்தச் சீட்டு யாருக்கு விழுந்தது என்று தேடிச் சொல்கிறேன்.