முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை: வீட்டில் துணை நிற்பவர் தெரிந்திருக்க வேண்டியவை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் சுகம் விசாரித்தால் முழங்கால் நோவைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. மூட்டை மாற்றச் சொல்லி வைத்தியர் பல மாதங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார். ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்டால் சத்திரசிகிச்சைக்குப் பயம் என்று சிலர் சொல்வார்கள். அதைவிட அதிகமாக நான் கேட்ட பதில் வேறு: "நான் படுத்தா வீட்ட ஆர் பார்க்கிற?"

ஆண்கள் நோயில் விழுந்தால் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள் என்பது எங்கள் வீடுகளில் சொல்லாமலே நடக்கும் ஏற்பாடு. மனைவி விழுந்தால் என்ன ஏற்பாடு என்று பெரும்பாலான வீடுகள் யோசித்திருப்பதில்லை. எனது உம்மாவுக்கு வலது முழங்கால் மாற்றப்பட்டபோது அவரைப் பார்த்துக்கொண்டவர் வாப்பாதான். உம்மா இளமையில் மருதமுனையில் கைத்தறி மிதித்தவர். வாப்பா அதுவரை ஒரு பானை சோறு ஆக்கியதில்லை. அந்த ஆறு வாரங்களில் நான் பார்த்ததையும், வைத்தியர்களிடமும் இயன்மருத்துவர்களிடமும் கேட்டு அறிந்ததையும் இங்கே தொகுக்கிறேன். மனைவிக்குத் துணை நிற்கும் கணவனுக்கும் கணவனுக்குத் துணை நிற்கும் மனைவிக்கும் இது பொதுவானது.

என்ன மாற்றப்படுகிறது?

முழங்கால் முழுவதும் வெட்டி எடுக்கப்படுவதில்லை. தொடை என்பின் கீழ் முனையிலும் கீழ்க்கால் என்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன பகுதியைச் செதுக்கி உலோக உறை பொருத்துவார்கள். இரண்டுக்கும் நடுவில் உறுதியான பிளாஸ்ரிக் தட்டு ஒன்று இருக்கும். பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்து, ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

இன்றைய செயற்கை முழங்காலின் அடிப்படை வடிவம் 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் உருவானது. அதை உருவாக்கிய குழுவில் இருந்த வைத்தியர் சித்தரஞ்சன் ரணாவத், பின்னர் இந்தியப் பிரதமர் வாஜ்பாயின் முழங்கால்களை மும்பையில் மாற்றினார். இடது கால் 2000 ஒக்டோபரில், வலது கால் 2001 ஜூனில். இரண்டு காலும் பழுதான பலருக்கு இப்படி இடைவெளி விட்டே செய்கிறார்கள். வீட்டில் துணை நிற்பவரும் இரண்டு தடவை தயாராக வேண்டியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை வருசம் தாங்கும்?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2019 இல் 'த லான்செட்' மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு, முழு மாற்று மூட்டுகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 வருடம் நிலைப்பதாகக் காட்டியது.

யுத்தக் காயம் உள்ள கால்கள்

1990 இல் 25 வயதில் காயப்பட்ட ஒருவர் இப்போது 60ஐ எட்டிவிட்டார். அன்று ஷெல் துண்டோ சன்னமோ பட்ட முழங்கால், உடைந்து கோணலாகப் பொருந்திய என்பு, இவையெல்லாம் மற்றவர்களைவிட முந்தியே தேய்கின்றன. கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் கால் முழுப் பாரத்தையும் சுமப்பதால் அந்த முழங்கால் பழுதாகும் வாய்ப்பு அதிகம்.

இப்படியானவர்கள் முதல் கிளினிக்கிலேயே பழைய காயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உடம்பில் இன்னும் உலோகத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆபத்தாகலாம். காயம் முன்பு சீழ் பிடித்திருந்தால், மூட்டுக்குள் கிருமி தங்கியிருக்கிறதா என்று குருதிப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூட்டு நீரையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். பழைய தழும்பு எங்கே ஓடுகிறது என்பதைப் பார்த்துத்தான் வெட்டும் இடத்தையும் தீர்மானிப்பார்கள்.

எப்படிக் காயப்பட்டது என்று சொல்லப் பலருக்கு இன்றும் பயம். வைத்தியருக்குத் தேவையானது காயத்தின் விபரம் மட்டும். எந்த வருடம், எந்தக் காலில், எத்தனை சத்திரசிகிச்சை, உள்ளே துண்டு இருக்கிறதா என்பவை போதும். காயப்பட்டவர் பேசத் தயங்கினால், அவர் சம்மதத்தோடு துணைவர் இதைச் சொல்லலாம். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள்.

திகதி கிடைக்கும் முன்

அரச வைத்தியசாலையின் என்பியல் கிளினிக்கில்தான் பெரும்பாலானவர்களின் பயணம் தொடங்கும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கொழும்பு என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். எங்கே செய்வது என்று முடிவெடுக்கும்போது, மடக்க முடியாத காலோடு திரும்பி வரும் பயணத்தையும், பிறகு கிளினிக்குக்குப் போய்வரும் பயணங்களையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். செயற்கை மூட்டை வெளியில் வாங்கித் தரச் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. அந்தச் செலவு வருமா, எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகங்கள் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். உங்களுக்குத் தகுதி உண்டா என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே விசாரியுங்கள்.

உடம்பைத் தயார்படுத்துவதிலும் துணைவருக்கு வேலை இருக்கிறது. நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறாது, கிருமித் தொற்று வரும். சூத்தைப் பல், கால் புண், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் முன்பே குணப்படுத்த வேண்டும். புகைத்தலை நிறுத்த வேண்டும். குருதியை இளக்கும் மருந்து எடுப்பவர் அதை எப்போது நிறுத்துவது என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். தொடைத் தசைப் பயிற்சியை இப்போதே தொடங்கினால் பிறகு இலகுவாக இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• படுக்கை பாயிலிருந்து கட்டிலுக்கு மாற வேண்டும். கட்டில் முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது.
• குந்தியிருக்கும் மலசலகூடம் என்றால் கொமட் கதிரை ஒன்று வாங்குங்கள், அல்லது இரவல் எடுங்கள். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.
• கைபிடி உள்ள, ஆடாத கதிரை ஒன்று.
• நிலத்தில் கிடக்கும் விரிப்பு, வயர், வழுக்கும் சீமெந்துத் தரை. விழுந்தால் எல்லாம் வீண். குளியலறையில் இறப்பர் விரிப்புப் போடுங்கள்.
• வோக்கர். உயரத்தை இயன்மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள்.

முதல் இரண்டு வாரம்

சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மனம் பதறும். "பாவம், இண்டைக்கு விடுங்க" என்று தாதியரைத் தடுக்காதீர்கள். நடப்பது கால் நாளங்களில் குருதி உறைவதைக் குறைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்வது முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது. நோயாளிக்கு அது சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முழங்கால் நிமிர்ந்து கிடக்கட்டும்.

பயிற்சிகள் எளியவை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலின் பின்புறத்தை மெத்தையில் அழுத்தி ஐந்து எண்ணுவது, குதிகாலை மெத்தையில் இழுத்து மடக்குவது, கதிரையில் இருந்து மடக்கி நீட்டுவது. நோ மருந்தை வைத்தியர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். பயிற்சிக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் ஒரு வேளை மருந்து வருமாறு பார்த்துக்கொண்டால் மடக்குவது இலகு. பிறகு துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 அல்லது 20 நிமிடம் வைக்கலாம்.

வாப்பா ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மருந்து, பயிற்சி, நடந்த தூரம் மூன்றையும் தினமும் எழுதினார். கிளினிக்கில் வைத்தியர் அதை வாங்கி வாசித்தார். "எழும்பு புள்ள, கிணத்தடி மட்டும் போய் வருவம்" என்று அவர் கூப்பிடும்போது உம்மாவுக்குக் கோபம் வரும். மூன்றாம் நாள், நான்காம் நாள் நோ கூடும், நித்திரை வராது, அழுகையும் வரும். அப்போது வருகிற பேச்சை மனதில் எடுக்காதீர்கள். அது அந்த நாட்களின் வேதனை.

காயம் ஆறும் வரை மீனும் முட்டையும் கொடுக்கக் கூடாது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். தசையும் தோலும் ஆறப் புரதம் வேண்டும். வைத்தியர் தடுக்காத வரை மீன், முட்டை, பருப்பு எல்லாம் கொடுங்கள். மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் கீரையும் பழமும் வேண்டும். காயத்தில் எண்ணெயோ பத்தோ பூசாதீர்கள். தையலோ கிளிப்போ பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுக்கப்படும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை மாலை ஒரு மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்துங்கள்.

ஆறு வாரம் வரை

பெரும்பாலானோர் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் வோக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறுவார்கள். கைத்தடியை மற்றக் காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலது கால் மாற்றப்பட்டிருந்தால் இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில்.

வீக்கமும் சூடும் மூன்று, ஆறு மாதம் வரைகூட இருக்கலாம். தழும்பின் வெளிப்பக்கம் விறைப்பும், நடக்கும்போது 'டிக்' என்ற சத்தமும் பலருக்கு இருக்கும், பயம் வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, வேலைக்குப் போவது, தாம்பத்திய உறவு எல்லாவற்றுக்கும் எப்போது என்று வைத்தியரிடம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுத் தேற்றத்துக்கு ஒரு வருடம் வரை எடுக்கும்.

தொழுகையும் தரையும்

எங்கள் பக்கத்தில் நோயாளிகள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். செயற்கை மூட்டு பொதுவாகக் கதிரையில் இருந்து எழும்பவும் படி ஏறவும் போதுமான அளவு மடங்கும். சம்மணமிட்டு இருப்பதும் முழந்தாளிட்டு ஸுஜூது செய்வதும் பலருக்குத் திரும்ப வருவதில்லை. சிலருக்குப் பல மாதங்களின் பின் ஓரளவு முடியும். கதிரையில் இருந்து தொழ இயலாதவருக்குச் சலுகை இருக்கிறது. காயக்கட்டோடு வுழூச் செய்யும் முறையையும் நோன்பு பற்றியும் உலமாக்களிடம் முன்பே கேட்டுக்கொண்டால் நோயாளியின் மனம் ஆறும். கோயிலில் தரையில் இருந்து வழிபட்டுப் பழகிய தமிழ்ச் சகோதரர்களுக்கும் இதே சிக்கல் வரும்.

இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே இருவரும் பேசிவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் ஏமாற்றம் பெரிதாக இருக்கும். ஹஜ், உம்றாப் பயணம் போகிறவர்கள் விமான நிலைய உலோகப் பரிசோதனையில் சத்தம் எழலாம் என்பதை அறிந்து, சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

உடனே வைத்தியசாலைக்கு

• காயத்திலிருந்து சீழோ நீரோ வடிதல், பரவும் சிவப்பு, காய்ச்சல், குளிர் நடுக்கம்
• கெண்டைக் காலில் புதிதாக நோவும் வீக்கமும்
• விழுந்து அடிபடுதல், திடீரென ஊன்ற முடியாமை
• நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம்

கடைசியில் சொன்னது உயிராபத்து. கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மாதங்கள், வருடங்கள் கழித்தும் மாற்றிய மூட்டில் கிருமி தொற்றலாம். அதனால் பல் புண்ணையும் கால் புண்ணையும் எப்போதும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

துணை இல்லாதவர்களுக்கு

யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் துணையை இழந்த பெண்கள் இந்தக் கரையோரம் முழுவதும் இருக்கிறார்கள். கணவனைக் காணாமல் இன்னும் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் பார்க்க ஆளில்லை என்பதால் நோவைச் சுமந்துகொண்டே வாழ்கிறார்கள். இவர்களுக்கு ஒருவரே எல்லாம் செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் இரவில் கூடப் படுக்க ஒருவர், சமைத்துக் கொடுக்க ஒருவர், கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒருவர். சகோதரி, மருமகள், அயலவர் என்று மூன்று பெயரை எழுதி, அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டு, அதன் பிறகு திகதி எடுங்கள். கூட யாரும் இல்லை என்றால் கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்கள் நிலைமை தெரிந்தால்தான் எப்போது வீட்டுக்கு அனுப்புவது, யாரிடம் உதவி கேட்பது என்று அவர்களும் யோசிக்க முடியும்.

துணை இருக்கிறவர்கள் திகதி எடுக்கும் முன் ஒரு மாலை இருவரும் இருந்து இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். ஆறு வாரம் யார் சமைப்பது? யார் உடுப்புக் கழுவுவது? யார் மருந்துக் கணக்கு வைப்பது? தொழிலுக்குப் போகாத நாட்களின் வருமானத்துக்கு என்ன வழி? அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போங்கள்.