மலைமுகட்டுப் பள்ளியும் அதன் ஓட்டவீரரும்

ஒரு கல்லூரியின் புகழை அளந்தறிதற்குப் பலரும் கையாளும் கோல்கள் இரண்டு. அது நாட்டுக்கு அளித்த அறிஞரின் தொகை ஒன்று. விளையாட்டரங்கிலே அதன் மாணவர் ஈட்டிய வெற்றி மற்றொன்று. அறிஞர் தோன்றியமைக்குக் காரணம் கூறுவோர் நல்லாசிரியரையும் நூல்நிலையத்தையும் இடையறாப் பயிற்சியையும் எடுத்துக்காட்டுவர். விளையாட்டு வீரர் தோன்றியமைக்கோ, 'பிறவித் திறமை' என்ற ஒரு சொல்லைக் கூறி அமைந்துவிடுவர். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதைச் சோதித்தறிதற்குச் சிறந்த உரைகல்லாக விளங்குவது, கிழக்காபிரிக்காவிலே கெனியா நாட்டில் ஈட்டென் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள புனித பத்திரிசியார் உயர்பள்ளியாகும். பெயரொற்றுமை கருதி இதனை யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியோடு தொடர்புபடுத்துதல் கூடாது. இரண்டும் வெவ்வேறு துறவற சபையினரின் முயற்சியால் வளர்ந்தவை.

ஈட்டென் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில், எல்கேயோ மலைச்சரிவின் விளிம்பிலே உள்ளது. அதன் கீழே கெரியோப் பள்ளத்தாக்கு நெடுந்தூரம் பரந்து கிடக்கின்றது. சூழவுள்ள மேட்டுநிலங்களில் வாழ்பவர் கலெஞ்சின் என்னும் பொதுப்பெயர் பெற்ற இனக்குழுவினர். ஆடுமாடு வளர்த்தலும் பயிர்செய்தலும் அவர்தம் தொழில்கள். அங்கே அயர்லாந்து நாட்டுப் பத்திரிசிய சகோதரர் சபையினர் 1961ஆம் ஆண்டில் ஆண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளியை நிறுவினர். நாடு ஆங்கிலேயர் ஆட்சியினின்று விடுதலை பெற்றது 1963ஆம் ஆண்டிலேயாம். எனவே, ஒரு புதிய நாடும் ஒரு புதிய பள்ளியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடைபயிலத் தொடங்கின எனலாம்.

பள்ளி தோன்றுமுன்னரே கெனியரின் ஓட்டத்திறன் உலகின் பார்வைக்கு வந்திருந்தது. 1956ஆம் ஆண்டு மெல்போண் ஒலிம்பிக் விழாவிலே அந்நாடு முதன்முறையாகக் கலந்துகொண்டது. 1964ஆம் ஆண்டில் தோக்கியோவில் வில்சன் கிப்ருகுற் 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்று, நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்தார். 1968ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நகரில் கிப்சோகே கெயினோ 1500 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் எய்தினார். ஆயினும் முன்னவர் படைவீரராகவும் பின்னவர் காவற்றுறையினராகவும் இருந்தவர் என்பது நோக்கற்பாலது. வளர்ந்தவர்க்குப் படையும் காவற்றுறையும் பயிற்சிக் களங்களாயின. வளரும் சிறுவர்க்கு அத்தகைய களம் ஒன்று வேண்டியிருந்தது. அக்குறையை நிறைவுசெய்தவற்றுள் தலையாயது ஈட்டென் பள்ளியேயாம்.

பள்ளியின் புகழ்வரிசையில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் மைக் போயிற். இவர் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அடுத்த விழாவில் இவர் பொற்பதக்கம் பெறக்கூடும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆனால், தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியோடு நியூசிலாந்து றகர் விளையாட்டுத் தொடர்பு கொண்டிருந்தமையைக் கண்டித்து, ஆபிரிக்க நாடுகள் பல 1976ஆம் ஆண்டு மொன்றியல் விழாவைப் புறக்கணித்தன. 1980ஆம் ஆண்டு மொஸ்கோ விழாவிலும் கெனியா கலந்துகொள்ளவில்லை. இவ்வாறு ஒரு தலைமுறை வீரரின் உச்சப் பருவம் ஒலிம்பிக் அரங்கைக் காணாமலே கழிந்தது. 1978ஆம் ஆண்டில் எட்மன்ரனில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவிலே போயிற் பொற்பதக்கம் பெற்றார். பின்னர் கல்வியிலே கருத்தூன்றிக் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கெனியாற்றாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயினார். ஓட்டமும் கல்வியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இவர் வாழ்வே சான்று.

போயிற் மொன்றியல் வாய்ப்பை இழந்த அதே 1976ஆம் ஆண்டிலேதான் இப்பள்ளியின் வரலாற்றை மாற்றிய ஒருவர் ஈட்டெனுக்கு வந்து சேர்ந்தார். அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்திற் பிறந்த சகோதரர் கொலம் ஓகொனல் புவியியல் கற்பிக்க வந்த இளைஞர். குறுகிய காலம் தங்கிச் செல்வதே அவர் எண்ணம். மெய்வல்லுநர் பயிற்சியில் அவருக்கு எவ்வித முன்னறிவும் இருக்கவில்லை. அப்போது அங்கே உடற்பயிற்சி ஆசிரியராயிருந்தவர், பிரித்தானியாவின் புகழ்பெற்ற ஓட்டவீரர் பிறென்டன் பொஸ்ரரின் சகோதரர் பீற்றர் பொஸ்ரர். அவரிடம் உதவியாளராய் நின்று பயிற்சிமுறைகளைக் கற்ற கொலம், அவர் நாடு திரும்பியபின் முழுப்பொறுப்பையும் ஏற்றார். பின்னர்ப் பள்ளியின் அதிபராகவும் கடமையாற்றினார். சில மாதங்கள் தங்க வந்தவர், பல பத்தாண்டுகள் அவ்வூரையே தம் இல்லமாக்கிக் கொண்டார்.

அவருடைய பயிற்சிமுறை எளிமையானது. நூல்களிற் கற்ற விதிகளை மாணவர்மேற் சுமத்தாது, அவர்கள் ஓடும் முறையைக் கூர்ந்து நோக்கி, அவர்களிடமிருந்தே அவர் கற்றார். இளமையில் மிகுதியாக ஓடவைத்து உடலை வாட்டுதலை விரும்பாது, மெல்லோட்டத்தையும் உடற் சமநிலைப் பயிற்சியையும் முதன்மையாகக் கொண்டார். ஒருவனுடைய ஓட்டத்தைத் திருத்துமுன் அவனையே அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது அவர் கொள்கை. விடுதி வாழ்க்கை இதற்குத் துணைசெய்தது. குறித்த நேரத்தில் உணவும் உறக்கமும் பாடமும் பயிற்சியும் அமைந்தமையால், ஆசிரியர் தம் மாணவரை ஆண்டு முழுவதும் அருகிருந்து கவனிக்க முடிந்தது. 1986ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் முதலாவது உலகக் கனிட்ட மெய்வல்லுநர் போட்டி நடந்தபோது, கெனியக் குழுவைத் தெரிந்தெடுத்துப் பயிற்றும் பொறுப்பு அவரிடமே ஒப்புவிக்கப்பட்டது. அக்குழுவினருட் பெரும்பாலோர் இப்பள்ளி மாணவராயிருந்தனர்.

அடுத்த சில ஆண்டுகளில் விளைவு வெளிப்பட்டது. பழைய மாணவராகிய இப்ராகிம் குசேன் 1987ஆம் ஆண்டில் நியூயோர்க் மரதன் ஓட்டத்திலும் 1988ஆம் ஆண்டில் பொஸ்ரன் மரதன் ஓட்டத்திலும் வெற்றி பெற்றார். இவ்விரு போட்டிகளிலும் முதலிடம் பெற்ற முதல் ஆபிரிக்கர் இவரே. பொஸ்ரனில் தன்சானியா நாட்டு யூமா இக்காங்காவை இவர் ஒரு செக்கன் வேறுபாட்டிலே முந்தினார். 1991, 1992ஆம் ஆண்டுகளிலும் அங்கே வாகை சூடினார். 1988ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக் விழாவில் 1500 மீற்றர் இறுதியோட்டத்திலே நின்ற பீற்றர் றோணோவுக்கு வயது இருபத்தொன்று. முன்னாள் உலக வீரர் ஸ்ரீவ் கிறாம் முதலிய புகழாளர் உடன் ஓட, அவர்களிடையே அதிகம் அறியப்படாத இவ்விளைஞர் இடைவழியில் முன்னணியைக் கைப்பற்றி, ஈறுவரை அதனை விட்டுக்கொடாது பொற்பதக்கம் பெற்றார்.

1992ஆம் ஆண்டில் பாசலோனாவில் 3,000 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்திலே மத்தேயு பிறிர் தொடக்கத்தில் தடுக்கி விழுந்தார். விழுந்தவர் எழுந்து, முன்சென்றோரை ஒருவர்பின் ஒருவராக எட்டிப்பிடித்து முதல்வராக முடித்தார். இரண்டாம் மூன்றாம் இடங்களையும் கெனியரே பெற்றனர்.

வில்சன் கிப்கெற்றரின் வரலாறு வேறுவகையானது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் 1990ஆம் ஆண்டில் தென்மார்க்குக்குச் சென்ற இவர், அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். 1995, 1997, 1999ஆம் ஆண்டுகளில் 800 மீற்றர் உலக வீரரானார். 1981ஆம் ஆண்டு முதல் அசையாது நின்ற செபஸ்ரியன் கோவின் சாதனையை முறியடித்தபின், 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள் கொலோன் நகரில் 1 நிமிடம் 41.11 செக்கனில் ஓடிமுடித்தார். எனினும், குடியுரிமை முழுமை பெறாமையால் 1996ஆம் ஆண்டு அற்லான்ரா ஒலிம்பிக் விழாவிற் கலந்துகொள்ள இவருக்கு இடமளிக்கப்படவில்லை. உலகில் அக்காலத்தில் இவருக்கு நிகர் எவருமிலர்; ஆயினும் ஒலிம்பிக் பொற்பதக்கம் இவருக்குக் கிட்டவேயில்லை. 2000ஆம் ஆண்டில் வெள்ளியும் 2004ஆம் ஆண்டில் வெண்கலமுமே கிடைத்தன.

இவ்வெற்றிகளுக்குக் காரணம் யாது? மலையுயரம் என்பர் ஒருசாரார். உயர்ந்த இடத்து மெல்லிய காற்றிலே வளர்வோர் உடல் உயிர்வளியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் நேபாளத்திலும் பொலிவியாவிலும் இதனினும் உயர்ந்த ஊர்கள் பலவுள. அவை இத்தகைய ஓட்டவீரரைத் தரவில்லை. பள்ளிக்கு நாள்தோறும் நெடுந்தூரம் ஓடிவந்தமையே காரணம் என்பர் வேறு சிலர். விடுதியில் உறங்கி எழுந்த மாணவர்க்குப் பள்ளி சில அடி தூரத்திலேயே இருந்தமையால், பள்ளியிற் பெற்ற வளர்ச்சிக்கு இது போதிய விளக்கமாகாது. குருதியே காரணம் என்பாரும் உளர். அவ்வாறு கூறுவோர், விடியற் குளிரில் எழுந்து செம்மண் பாதையிலே பல்லாண்டு ஓடிய இளைஞரின் உழைப்பை அவரிடமிருந்து பறித்து, அவர் பிறப்பிற்கு உரிமையாக்குகின்றனர். வறிய ஆபிரிக்கச் சிறுவனின் வெற்றியை விளக்குதற்கு மட்டும் குருதியைத் தேடுவோர், ஐரோப்பிய வீரனின் வெற்றிக்கு அவனது பயிற்சியையே காட்டுதல் வியப்பிற்குரியது.

உயரமும் உடலமைப்பும் விதையெனின், பள்ளி அதற்கு நிலமும் நீருமாயிற்று. ஒழுங்கான வாழ்க்கை, தொடர்ந்து நிகழும் பள்ளிப் போட்டிகள், முன்சென்றோர் வெற்றி பின்வருவோர்க்கு அளித்த நம்பிக்கை, விட்டுப் பிரியாத ஆசிரியர் ஆகிய நான்கும் அங்கே ஒன்றுகூடின. இவற்றோடு கல்வியும் சேர்ந்தது. போயிற், குசேன், றோணோ ஆகிய மூவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் கற்றனர். அங்கே புகுதற்கு ஓட்டத்திறன் வழிதிறந்ததெனினும், பள்ளியிற் கற்ற பாடமின்றி அவ்வழியே நடந்திருத்தல் இயலாது.

காலப்போக்கில் நிலைமை மாறியது. 1989ஆம் ஆண்டு முதல் கொலம் விடுமுறைக்காலப் பயிற்சி முகாம்களை அமைத்துப் பெண்களுக்கும் வாய்ப்பளித்தார். அவரிடம் பயின்ற யனெத் யெப்கொஸ்கெய் 2007ஆம் ஆண்டில் 800 மீற்றர் உலக வீராங்கனையானார். வேறு பள்ளியிற் கற்ற தேவிட் றுடிசாவும் அவரிடமே பயின்று, 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 1 நிமிடம் 40.91 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். மறுபுறம், தெருவோட்டப் போட்டிகளிற் பெரும்பணம் புழங்கத் தொடங்கியதும் தொழின்முறைப் பயிற்சி நிலையங்கள் ஈட்டெனில் மலிந்தன. படிப்பை இடைநிறுத்தி ஓட்டத்தை மட்டும் நம்பிய இளைஞர் பலராயினர். ஊக்கமருந்து உட்கொண்டமைக்காகத் தடைசெய்யப்பட்ட கெனியரின் தொகையும் 2010ஆம் ஆண்டிற்குப்பின் பெருகிற்று. ஓட்டம் கல்வியினின்று பிரிந்த இடத்திலே கேடு எளிதிற் புகுந்தது என்பது சிந்திக்கற்பாலது.

உலக அரங்கில் வென்ற மாணவர் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு மரம் நடும் வழக்கம் புனித பத்திரிசியார் உயர்பள்ளியில் உண்டு. கிண்ணமும் கேடயமும் கண்ணாடிப் பேழையில் அடங்கிக் கிடப்பன. மரமோ ஆண்டுதோறும் வளர்ந்து, பின்வரும் மாணவர்க்கு நிழல் தருவது. பதக்கம் பெற்றவர் சிலர். அவரோடு அதே பாதையில் ஓடிப் பதக்கம் பெறாது போனவர் பலர். அப்பலர் இன்றி அச்சிலர் இலர். வெற்றிபெற்ற மாணவரின் பெயரைப் பலகையிற் பொறிப்பது எந்தக் கல்லூரிக்கும் எளிது. அப்பெயர் தோன்றுதற்குக் காலத்தையும் ஒழுங்கையும் உடனிருந்து வழிகாட்டும் ஆசிரியரையும் அளித்தலே அரிது. ஈட்டென் மலைமுகட்டுப் பள்ளியின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.