படகிலிருந்து இறங்கியவர்கள்

2022 ஜூலை கடைசியில் ஈ.சி.ஆர். பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட். 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அணிகள் வந்திருந்தன. சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ வழியெல்லாம் கைகூப்பி நின்றது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு நண்பரின் மொட்டைமாடியில் நாங்கள் ஐந்து பேர் வேறொரு விளையாட்டில் உட்கார்ந்திருந்தோம். அதில் கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஜெயிப்பதும் தோற்பதும்கூட சரியாகக் கிடையாது. ஆனாலும் அன்றிரவு நான் தோற்றேன்.

டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம் என்று பெயர். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேம் மாஸ்டர். அவர் ஓர் உலகத்தைச் சொல்வார்: “மழை பெய்கிறது, கோட்டைக் கதவு சாத்தியிருக்கிறது, காவலன் தூங்குகிறான்.” மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். இப்படி மாதக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில், ஒரே கதை நீளும். அந்த நீளத்துக்கு கேம்பெய்ன் என்று பெயர்.

என்னிடம் ஓர் உலகம் இருந்தது. ஓ.எம்.ஆரில் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எட்டு வருடமாக எழுதி, முடிக்காமல் வைத்திருந்த நாவல். ஆழிமல்லை என்று ஒரு துறைமுகம். வருடத்துக்கு ஒரு தெருவைக் கடல் எடுத்துக்கொள்ளும். ஒன்பது தலைமுறை அரச வம்சாவளி, இரண்டு வணிகக் கணங்கள், ஒரு சிற்பிகள் சேரி, எல்லாமாக 140 பக்கம். நாவல்தான் முடியவில்லை, விளையாட்டாகவாவது ஆக்கலாமே என்று நினைத்தேன்.

மாடியில் இருந்தவர்களில் ஒருவர் மாமல்லபுரம் அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் படித்தவர். நான் அரண்மனையைப் பதினைந்து நிமிடம் வர்ணித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “இந்த ஊர்ல மீன் எங்க விப்பாங்க?”

140 பக்கத்தில் மீன் கடை இல்லை. கடற்கரை ஊர்!

ஏதோ ஒரு சந்தையைச் சொல்லிச் சமாளித்தேன். அவ்வளவுதான். அரசன் அறிவிப்பு செய்யும் சபைக்கு அவர்கள் வரவேண்டும், அங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது. அவர்களோ கடன்பட்ட ஒரு மீன்காரியின் பின்னால் மூன்று மணி நேரம் போனார்கள். கடைசியில் அவளுக்காக வணிகக் கணத்தின் கிடங்குக்குத் தீ வைக்கப்போவதாகச் சொன்னார்கள். ஐந்தாம் அத்தியாயத்துக்கு அந்தக் கிடங்கு எனக்கு வேண்டும். “அப்படி நடக்காது. என் கதையில அது இல்ல” என்றேன். “அப்ப நீயே வாசிச்சுக் காட்டிருடா. நாங்க எதுக்கு?” என்றான் அலுவலக நண்பன். பல மாதங்களுக்கு யாரும் மறுபடி கூப்பிடவில்லை.

*

அந்த மாதங்களில்தான் இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். என்னைப் போலவே தோற்றதாக நினைத்த ஒருவரிடமிருந்துதான் அது ஆரம்பிக்கிறது.

1969. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ், செயிண்ட் பால் என்ற இரட்டை நகரம். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், மேஜைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக் குழுவைச் சேர்ந்தவர். நெப்போலியன் காலத்தில் பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊருக்கு இரு படைகள் வருவதாக ஓர் ஆட்டம் தயாரித்தார். படைத்தலைவர்களோடு சேர்த்து ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று சிலருக்குத் தனிப் பாத்திரங்களும் கொடுத்தார். சண்டை ஆரம்பிக்கும் முன்பே எல்லாம் கைமீறிப் போனது. ஆட்கள் தனித்தனியாக ஒதுங்கி ரகசியம் பேசினார்கள். இருவர் ஒருவரையொருவர் சண்டைக்கு அழைத்தார்கள். மேஜைமேல் படைகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆட்டம் நாசமாய்ப் போனது என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் குழுவில் டேவ் ஆர்னெசனும் இருந்தார். அவர் 1971 வாக்கில் ‘பிளாக்மூர்’ என்ற தன் கற்பனை நாட்டை இதே முறையில் நண்பர்களோடு ஆட ஆரம்பித்தார். பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து விதிகளை எழுதினார். 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது.

அதே நகரத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஒரு பேராசிரியர் இருந்தார். எம்.ஏ.ஆர். பார்க்கர், 1929-இல் பிறந்தவர். 1950-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவி, முகமது அப்துல் ரகுமான் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் எழுதிய மொழியியலாளர். சிறுவயதிலிருந்தே ‘டெக்குமெல்’ என்ற உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மொழி, எழுத்து, கோயில், குலம், வரைபடம் எல்லாம் உண்டு. ஐரோப்பியக் காவலரண்களும் குள்ளர்களும் அதில் இல்லை. தெற்காசியா, மாயா நாகரிகம், எகிப்து எல்லாம் கலந்த சாயல். என் 140 பக்கமெல்லாம் அவர் முன்னால் தூசு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பார்த்த பார்க்கர், டெக்குமெலையும் விளையாட்டாக்க முடியும் என்று கண்டுகொண்டார். 1974-இல் தானே சில பிரதிகள் அச்சிட்டார். 1975-இல் டி.எஸ்.ஆர். நிறுவனம் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஓர் ஆசிரியர் தன் சொந்தக் கதையுலகத்தை முழுதாக மேஜைக்குக் கொண்டுவந்த முதல் பெரிய உதாரணம் அது.

இதில் எனக்குப் பொறி தட்டியது ஒரு சின்ன விஷயம். இத்தனை தெரிந்த மனிதர், ஆட வருபவர்களுக்கு அதைப் பாடம் எடுக்கவில்லை. அவர்களுடைய பாத்திரங்கள் பரதேசிகள். தூரதேசத்திலிருந்து படகில் வந்து ஜகாலா என்ற துறைமுகத்தில் இறங்குகிறார்கள். வேற்றூர்க்காரர் குடியிருப்பில்தான் தங்க வேண்டும். யாரை எப்படிக் கூப்பிடுவது, எந்தத் தெருவில் நடக்கலாம், ஒன்றும் தெரியாது. யாராவது வேலை கொடுத்தால் உண்டு. ஆடுபவருக்குத் தெரியாததெல்லாம் பாத்திரத்துக்கும் தெரியாது. அறியாமையே நுழைவாயில். நான் என்ன செய்தேன்? படகில் இறங்கியவர்களை நேராக ராஜசபையில் நிறுத்தி வம்சாவளி ஒப்பித்தேன்.

*

துறைமுகம், பரதேசி என்று படித்தபோது மல்லைதான் ஞாபகம் வந்தது. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது செல்வம் ஏற்றிய கலங்களைப் பாடுகிறார். இன்னொரு பழைய சாட்சி தண்டி. காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த சம்ஸ்கிருதப் புலவர். அவருடைய ‘அவந்திசுந்தரி கதா’வில் லலிதாலயர் என்ற சிற்பி வருகிறார். கடலலை தொடும் இடத்திலிருக்கும் திருமாலின் சிலையில் உடைந்த கையைத் தான் ஒட்டியிருப்பதாகச் சொல்லி, வந்து பார்க்கும்படி தண்டியை மகாமல்லபுரத்துக்கு அழைக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலையில் ஒரு செந்தாமரை மிதந்து வந்து சிலையின் பாதத்தில் படுகிறது. பட்டதும் வித்யாதரனாக மாறி வானில் ஏறிவிடுகிறது. அது என்ன அதிசயம் என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலிருந்துதான் பெருங்கதை பிறக்கிறது. அந்த நூல் நமக்கு முழுதாகக் கிடைக்கவும் இல்லை.

மாமல்லபுரமே அப்படி முழுதாகாத ஊர்தான். அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா? இன்றுவரை இரண்டு கட்சி. இதையெல்லாம் செய்வித்தது யார் என்பதிலும் அப்படியே. மகேந்திரன், நரசிம்மன், பரமேசுவரன் என்று வரிசையாகப் பங்கு பிரித்திருந்ததை, 1962-இல் இரா. நாகசாமி எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று வாதிட்டுக் கலைத்தார். அந்த விவாதம் அடங்கவில்லை. ‘ஏழு கோயில்கள்’ என்று மாலுமிகள் சொன்ன கதைக்குக் கரையில் நிற்பது ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005-இல் பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் மண்ணுக்கடியிலிருந்து பழைய முருகன் கோயில் ஒன்று வெளிவந்தது.

சிற்பி நண்பரோடு ஒருநாள் ஐந்து ரதங்களுக்குப் போனேன். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே முடிந்திருக்கிறது, கீழே பல இடங்களில் கல் கல்லாகவே நிற்கிறது. “முடிச்ச சிலையில சாமிதான் சார் தெரியும். முடிக்காததுலதான் உளி எப்படிப் போச்சுன்னு தெரியும்” என்றார். எனக்கு அரண்மனை வர்ணனை ஞாபகம் வந்து கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் படை 642-இல் வாதாபியைப் பிடித்தது வரலாறு. அந்தப் படையை நடத்திய பரஞ்சோதி வரலாறு. சிவகாமியும் ஆயனரும் அந்த இடைவெளியில் கல்கி குடிவைத்தவர்கள். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த ‘சிவகாமியின் சபதம்’ ஒரு சபதத்தின் மேல் நிற்கிறது. அதையே கேம்பெய்னாக ஆட உட்கார்ந்தால் சிவகாமியாக இருப்பவர், “நான் சபதமெல்லாம் போடல. கூப்பிட வந்திருக்கீங்கல்ல, வாங்க போலாம்” என்று சொல்லிவிடலாம். நாவல் அங்கேயே செத்தது. விளையாட்டு அங்கேதான் ஆரம்பிக்கிறது: படையெடுப்பு நடக்குமா? புலிகேசி என்ன செய்வான்? நாவலாசிரியர் இடைவெளியை அடைக்கிறார். கேம் மாஸ்டர் இடைவெளியைத் திறந்து வைக்க வேண்டும். அவர் தயாரிக்க வேண்டியது அடுத்த அத்தியாயத்தை அல்ல. யாருக்கு என்ன ஆசை, யாருக்கு என்ன பயம், யாரும் தலையிடாவிட்டால் வருகிற மழைக்காலத்துக்குள் என்ன ஆகும், இவ்வளவுதான். மிச்சம் மேஜையில் நடக்கும்.

*

பார்க்கரின் கதையில் ஒரு கசப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. 1991-இல் புனைபெயரில் வெளியான ‘செர்பென்ட்ஸ் வாக்’ என்ற நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவர்தான் என்று, அவருடைய படைப்புகளைப் பராமரிக்கும் டெக்குமெல் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது. யூதப் படுகொலையை மறுக்கும் ஓர் இதழின் ஆலோசனைக் குழுவிலும் அவர் இருந்திருக்கிறார். இறந்தது 2012-இல். எங்கள் மாடி ஆட்டம் கெட்ட அதே வருடத்தில் வெளிவந்த செய்தி இது. ஆசியாவின் சாயலில் உலகம் கட்டியவர், நம் மொழிகளைப் படித்தவர் என்று அவரைக் கொஞ்சம் நம்மவராக நினைக்க ஆரம்பித்திருந்தேன். வயிற்றைப் பிசைந்தது.

பல பத்தாண்டுகள் டெக்குமெலை ஆடியவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் புத்தகங்களை மூடிவைத்தார்கள். சிலர், எங்கள் மேஜையில் நடந்தது எங்களுடையது என்றார்கள். க்ளோரந்தா என்ற உலகத்தை 1966-இல் எழுத ஆரம்பித்து, பின்னால் ‘ரூன்க்வெஸ்ட்’ விளையாட்டுக்குக் கொடுத்த கிரெக் ஸ்டாஃபோர்டின் வட்டாரத்தில், உங்கள் க்ளோரந்தா வேறாகத்தான் இருக்கும் என்பது ஒரு கொள்கையாகவே புழங்கியது. எங்கள் தொழிலில் இதை ஃபோர்க் என்போம். மூலத்தை எழுதியவர் யாராக இருந்தாலும், பிரிந்துபோன கிளைக்கு அதைப் பராமரிப்பவர்தான் பொறுப்பு. ஆனால் ஃபோர்க் எடுத்தவுடன் பழைய பிழைகள் மறைவதில்லை. வரிவரியாகப் படித்துத் தேட வேண்டும். டெக்குமெலில் யார் அடிமை, யார் பிறவியிலேயே உயர்ந்தவர் என்ற ஏற்பாடுகளை இனி அப்படித்தான் படிக்க முடியும். என் ஆழிமல்லையிலும் படித்தேன். ஒன்பது தலைமுறை ராஜாக்களுக்குப் பெயர் இருந்தது. சிற்பிகள் சேரியில் ஒருவருக்கும் பெயர் இல்லை. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் எழுதியிருந்தேன்.

அடுத்த வருடம் நானே நண்பர்களைக் கூப்பிட்டேன். இந்தமுறை கையில் மூன்று பக்கம். ஒரு படகு. நாலு பரதேசிகள். இரவில் கரை ஏறுகிறார்கள். ஊரில் ஒருவரையும் தெரியாது.

“மீன் எங்க விப்பாங்க?” என்றார் நண்பர், சிரிக்காமல்.

“நீங்கதான் சொல்லணும்” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். கோயிலுக்குப் பின்னால், பாதி செதுக்கி விட்ட பாறையின் மேல் என்றார். யாரும் முடிக்காமல் போன பாறை, தட்டையாக இருக்கிறது, அலசிவிட வசதி. அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவிக்குத்தான் ஊரில் எந்தத் தெரு அடுத்து கடலுக்குள் போகும் என்று தெரியுமாம்.

எனக்கு அது தெரியாது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.