மயாமி சாம், நியூயார்க் சாம்

அமெரிக்கப் பாடகர் சாம் குக்கின் ரசிகர்கள் எங்கே கூடினாலும் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: ஹார்லெம் ஸ்கொயரா, கோப்பாவா? தனிப் பாடகரான பிறகு அவர் மேடையில் பாடி, முழு இசைத்தட்டுகளாக நமக்குக் கிடைத்திருப்பவை இந்த இரண்டுதான். முதலாவது 1963 ஜனவரி 12 அன்று மயாமியில் பதிவானது. இரண்டாவது 1964 ஜூலை 7, 8 தேதிகளில் நியூயார்க்கில். இடையில் ஒன்றரை ஆண்டு. கிதார் வாசித்த கிளிஃப் ஒயிட்டும் டிரம்ஸ் வாசித்த ஜூன் கார்ட்னரும் இரண்டிலும் உண்டு. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பாடுவது இரண்டு வேறு ஆட்கள் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

சாம் 1931இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில் பிறந்தார், வளர்ந்தது சிகாகோவில். அப்பா மதபோதகர். இருபது வயதுக்குள்ளேயே சோல் ஸ்டிரர்ஸ் என்ற புகழ்பெற்ற காஸ்பெல் குழுவின் முன்னணிப் பாடகரானார். 1955இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஷ்ரைன் அரங்கில் அந்தக் குழு பாடிய பதிவு ஒன்று இருக்கிறது. அதில் ஒரே பாட்டை எட்டு நிமிடத்துக்கு மேல் நீட்டிச் சொல்லிச் சொல்லி ஏற்றுகிறார், கூட்டம் அலறுகிறது. 1957இல் அவர் தனியாகப் பாடிய 'யூ செண்ட் மீ' என்ற காதல் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தேவாலயப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலருக்கு அது மனவருத்தம். வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்கோ புதிதாக ஒரு பட்டுக்குரல் கிடைத்தது. மயாமியும் கோப்பாவும் இந்த இரண்டு கூட்டங்களின் கதைதான்.

பெயரில் ஹார்லெம் இருந்தாலும் ஹார்லெம் ஸ்கொயர் கிளப் இருந்தது மயாமியின் ஓவர்டவுனில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில். கடற்கரை ஓட்டல்களின் மேடையில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கு அதே ஓட்டல்களில் தங்க அறை கிடைக்காத காலம் அது. பாடி முடித்துவிட்டு அவர்கள் ஓவர்டவுனுக்குத் திரும்புவார்கள். அங்கே விடிய விடியப் பாட்டு நடக்கும். அப்படிப்பட்ட ஒரு கிளப்புக்கு ஆர்.சி.ஏ. நிறுவனம் பதிவுக் கருவிகளைக் கொண்டுபோனது. சாக்ஸபோனுக்கு கிங் கர்டிஸ். பாட்டுகள் அநேகமாக எல்லாமே சாம் தானே எழுதியவை.

முதல் பாட்டிலேயே குரலில் ஒரு கரகரப்பு. ஸ்டுடியோவில் தேன் போல வழுக்கிக்கொண்டு போன அதே குரல், இங்கே மணல்தாளால் தேய்த்தது போல ஒலிக்கிறது. தொண்டை கட்டியிருக்கிறதோ என்று முதல் தடவை கேட்பவர் நினைப்பார். போகப் போகத்தான் அது அவர் வேண்டுமென்றே விடும் குரல் என்பது விளங்கும்.

ஒரு பாட்டை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். 'ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்'. நாட் கிங் கோல் 1946இல் பாடிப் பிரபலமாக்கிய பழைய மெல்லிசை. மயாமியில் சாம் அதை நேரடியாகத் தொடங்குவதில்லை. முதலில் ஆண்களைப் பார்த்துப் பேசுகிறார்: காதலியைப் பற்றி ஊரார் ஏதாவது சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள் என்கிற தொனியில். பேச்சு பாட்டாகிறது, பாட்டு மறுபடி பேச்சாகிறது, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று பிடிக்க முடியாது. இது போதகர் பிள்ளைக்குப் பரம்பரையாக வந்த கலை. அப்புறம் மெல்லப் பழைய பாட்டுக்குள் நுழைகிறார், கூடவே பாடச் சொல்கிறார். கூட்டம் பாடுகிறது! ஒத்திகை பார்த்த கோரஸ் கிடையாது. வாரம் முழுக்க உழைத்துவிட்டு சனிக்கிழமை இரவு வந்த ஆண்களும் பெண்களும். அவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அவர்கள் நிரப்புகிறார்கள். எத்தனையோ தடவை கேட்டும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஆர்.சி.ஏ. இதை வெளியிடவில்லை. கடைகளில் சாம் குக் என்றால் மென்மையான பாப் பாடகர். இந்தப் பதிவு அந்தப் பிம்பத்துக்கு மிகவும் முரடாகப்பட்டது. நாடாக்கள் கிடங்கில் கிடந்தன. 1985இல்தான் இசைத்தட்டு வெளிவந்தது.

கோப்பாவின் கதை வேறு. மன்ஹாட்டனில் இருந்த கோப்பகபானா, ஒரு காலத்தில் கறுப்பின வாடிக்கையாளர்களை உள்ளே விடாத இரவு விடுதி. 1958இல் சாம் அங்கே முதன்முதலாகப் பாடித் தோற்றுப்போனார். அந்த வடு ஆறாமலே இருந்தது. 1964 கோடையில் திரும்பி வந்தபோது டைம்ஸ் சதுக்கத்தில் அவருக்குப் பிரம்மாண்டமான விளம்பரப் பலகை வைத்தார்கள். இந்த முறை வென்றார். இசைத்தட்டைக் கேட்டால் அந்த வெற்றியின் ஒழுங்கு தெரியும்: வாத்தியக் குழு இம்மி பிசகாமல் வாசிக்கிறது, உச்சரிப்பு துல்லியம், கைதட்டல் அளவாக விழுகிறது. 'பில் பெய்லி', 'டென்னஸி வால்ட்ஸ்' என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டுகள். அவர் எழுதியவை இரண்டே. அதில் 'யூ செண்ட் மீ' ஒரு தொகுப்புப் பாட்டின் வாலாகத்தான் வருகிறது.

அந்தத் தொகுப்பின் நடுவில் அதே 'சென்டிமென்டல் ரீசன்ஸ்' இருக்கிறது. அழகான பாட்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் சாம் பாடுகிறார், அவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை வைத்துத்தான் பல ரசிகர்கள் மயாமி சாம் நிஜம், கோப்பா சாம் வேஷம் என்று தீர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது 1964 ஜூலை 2. ஐந்து நாள் கழித்து, விலையுயர்ந்த மேசைகளில் உட்கார்ந்திருந்த வெள்ளையர்கள் முன்னால் சாம் பாப் டிலனின் 'ப்ளோயின் இன் தி விண்ட்' பாட்டைப் பாடுகிறார். தேவாலயத்தில் பாடும் 'திஸ் லிட்டில் லைட் ஆஃப் மைன்' பாட்டையும் பாடுகிறார். அதற்கு முந்தைய அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஓட்டல் ஒன்று அவருக்கு அறை தர மறுத்திருந்தது. அந்த அவமானமும் டிலனின் பாட்டும் சேர்ந்து கிளறியதில் பிறந்த 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' பாட்டை ஜனவரியிலேயே பதிவு செய்து முடித்திருந்தார். அதை கோப்பாவில் பாடவில்லை. டிலனின் பாட்டைத் துள்ளலாகப் பாடிவிட்டுப் போனார். அந்தத் துள்ளலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால், கோப்பா லேசான இசைத்தட்டாகத் தோன்றாது.

இன்னொன்றும் உண்டு. கோப்பாவின் அந்தத் தொகுப்புப் பாட்டின் தொடக்கத்தில் வரும் 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' பாட்டை, சாமைத் தன் குருவாகவே நினைத்த பாடகர் ஓடிஸ் ரெடிங் கவனித்துக் கேட்டார். 1966இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் அதையே மெல்லத் தொடங்கி வெறியாட்டமாக முடித்தார். சோல் இசையின் சிகரங்களில் ஒன்று அது. கோப்பா இல்லாமல் அது பிறந்திருக்குமா என்பது சந்தேகம்.

எந்த ரசிகர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதை கம்பெனியும் தீர்மானித்துவிட்டது. இருபத்தோரு ஆண்டுகளுக்கு மேடைச் சாம் என்றால் கோப்பா மட்டும்தான். ஓவர்டவுனில் அன்று இருந்தவர்களுக்கு இன்னொருவரைத் தெரியும். ஆனால் கையில் காட்ட இசைத்தட்டு கிடையாது. அந்த ஓவர்டவுனையே நெடுஞ்சாலை போட்டுப் பிளந்துவிட்டார்கள். 1985இல் மயாமிப் பதிவு வந்தபோது, சாமை அறிந்ததாக நினைத்திருந்த ஒரு தலைமுறை முழுவதும் அவரைப் புதிதாகக் கேட்க நேர்ந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால் மயாமிதான், தயக்கமே இல்லை. கோப்பாவில் நமக்குக் கிடைப்பது ஒரு மகத்தான பாடகர். மயாமியில் அந்தப் பாடகரோடு, அவரை உருவாக்கிய சனங்களும் சேர்ந்து பதிவாகியிருக்கிறார்கள்.

கோப்பா இசைத்தட்டு 1964 அக்டோபரில் கடைக்கு வந்தது. டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மோட்டலில் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 33.