கடற்பயணமும் குமட்டலும்

1995 வரை நம் ஹாஜிகள் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலிலும் சென்றனர். முதியோர் பலருக்கு அலையின் ஆட்டமே முதற்சோதனை. இப்னு சீனா (கி.பி. 980–1037) தமது ‘அல்கானூன்’ மருத்துவ நூலில் கடற்பயணிகளையும் மறக்கவில்லை. தொடக்க நாட்களின் வாந்தியை, அளவு மீறினாலன்றி, அடக்கலாகாது என்கிறார். மாதுளை, ஆப்பிள் போன்ற கனிகளைப் பரிந்துரைக்கிறார். அடக்க வேண்டாம் என்றது நமக்கு வியப்பே!

நோயின் மூலம் வயிற்றிலன்று, செவியில் என்பது பிற்காலத் தெளிவு. உட்செவி ஆட்டத்தை உணர்கிறது. அறைக்குள் அடைபட்ட கண்ணோ அசைவில்லை என்கிறது. இம்முரண்பாட்டால் மூளை குழம்புகிறது. ஆதலின், ஆட்டம் குறைந்த நடுக்கப்பலில், மேல்தளத்தில் நின்று தொடுவானை நோக்குதல் நலம். 1948இல் அமெரிக்கப் படைக்கப்பலொன்றில் சோதிக்கப்பட்ட டிராமமைன் மாத்திரையும் நல்ல பலன் தந்தது. ஆனால், புறப்படுமுன்பே உண்ண வேண்டும்; வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் வயிற்றில் தங்குவது அரிது.